பாதி டிக்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எங்கும் அது புழக்கத்தில் இல்லை. எல்லாருக்கும் அவள் திருகாணிதான்.

மூன்று வயதில் அவள் கையில் ஒரு ஸ்பேனர் கிடைத்தது. அன்று சாயங்காலம் சித்தப்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலியின் நாலு கால்களும் நாலு திசைக்குப் போயின. சித்தப்பா தரைக்குப் போனார்.

"இவ பொண்ணு இல்ல, திருகாணி" என்றார் தரையில் இருந்தபடியே. அந்தப் பெயர் அன்றைக்கு இறுகியதுதான். பிறகு யாராலும் கழற்ற முடியவில்லை.

இப்போது திருகாணிக்குப் பதினொரு வயது. அவளிடம் ஒரு மலைப்பாதை சைக்கிள் இருந்தது. பெரியப்பா மகன் ஓட்டி, உயரமாக வளர்ந்து, இவளுக்கு விட்டுக்கொடுத்தது. தடித்த டயர்கள். முன்பக்கம் குலுக்கலை வாங்கிக்கொள்ள ஸ்பிரிங். சீட்டில் ஒரு கிழிசல். கிழிசலை அவளே நைலான் நூலால் தைத்திருந்தாள்.

சித்தப்பாவிடமும் ஒரு சைக்கிள் உண்டு. அதில் எல்லாமே புதுசு. சைக்கிள் சாமான் எது புதிதாக வந்தாலும் கடைக்காரருக்கு முன்னால் சித்தப்பாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் அவருக்குக் கேட்லாக் சித்தப்பா என்று பெயர். பேரம் பேசாமல் வாங்குகிற ஆளைக் கண்டால் கடைக்காரர்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள். சித்தப்பாவுக்கு எல்லாக் கடையிலும் வணக்கம் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சித்தப்பாவும், பேக்கரி மாமாவும், பல் டாக்டர் அக்காவும் சேர்ந்து சைக்கிள் ஓட்டப் போவார்கள். இரண்டு மாதமாகத் திருகாணியும் அவர்களோடு போகிறாள்.

வெள்ளிக்கிழமை, அம்மாவின் போனில் இருந்து அவர்களுடைய குழுவுக்கு ஒரு கேள்வி அனுப்பினாள்.

"ஞாயிற்றுக்கிழமை மலைக்கு என்ன எடுத்துட்டு வரணும்?"

நாற்பத்து மூன்று பதில்கள் வந்தன.

டயரில் காற்று கல் மாதிரி இருக்க வேண்டும் என்றார் பேக்கரி மாமா. பஞ்சு மாதிரி இருக்க வேண்டும் என்றார் சித்தப்பா. "விரலால அமுக்கிப் பாரு. பன்னு மாதிரியும் இருக்கக் கூடாது, பல்லு மாதிரியும் இருக்கக் கூடாது" என்றார் டாக்டர் அக்கா. சித்தப்பா இருபத்தேழு சாமான்களின் பட்டியலையே அனுப்பினார். கடைசியில் இருந்தது கரடி விசில்.

"அங்க கரடி இருக்கா சித்தப்பா?"

"இல்ல. வந்துட்டா?"

திருகாணி எல்லாவற்றையும் படித்தாள். பிறகு ஒரு பிஸ்கட் டப்பாவில் எவ்வளவு அடங்குமோ அவ்வளவு மட்டும் எடுத்துக்கொண்டாள். பஞ்சர் ஒட்ட ரப்பர் துண்டுகள், பசை, டியூபைத் தேய்க்க உப்புத்தாள், இரண்டு ஸ்பேனர்கள், ஒரு பழைய துணி.

இந்த ஞாயிறு அவளுக்கு முக்கியமான ஞாயிறு. மலை உச்சியில் இருந்து காட்டுக்குள் ஒரு கல் பாதை இறங்குகிறது. பாறையும் வேருமாக, பதினான்கு வளைவுகள். அதில் இறங்கத்தான் அவள் இரண்டு மாதமாகக் காத்திருந்தாள். முதல் தடவை மழை வந்துவிட்டது. இரண்டாவது தடவை பேக்கரி மாமாவின் செயின் அறுந்துவிட்டது. இரண்டு தடவையும் எல்லாரும் தார் ரோடு வழியாகவே திரும்பினார்கள்.

திங்கட்கிழமை முதல் மழைக்காலத்துக்காக அந்தப் பாதையை மூடிவிடுவார்கள். மறுபடி திறக்க நாலு மாதம் ஆகும். திருகாணியின் கால்கள் வளர்கிற வேகத்துக்கு, நாலு மாதத்தில் அந்த சைக்கிள் அவளுக்குச் சின்னதாகிவிடும்.

"பெரியவங்க பேச்சைக் கேட்டு நடந்துக்கோ" என்று மட்டும் சொன்னாள் அம்மா.

ஞாயிறு காலை பேக்கரி வண்டியில் சைக்கிள்களை ஏற்றி மலையடிவாரம் போனார்கள். வண்டியில் ரொட்டி வாசனை அடித்தது. அடிவாரத்தில் இருந்து தார் ரோட்டில் மிதித்து மேலே ஏறினார்கள். ஒன்றரை மணி நேரம் ஒரே ஏற்றம். செயினுக்கு வேலை, காலுக்கு வேலை, மூச்சுக்கு வேலை. பிரேக்குக்கு மட்டும் வேலையே இல்லை.

உச்சியில் ஓர் உயரமான கம்பிக் கோபுரம். அதன் கீழே ஒரு சிமெண்ட் தளம். தளத்தின் ஓரத்தில் ஒரு பெஞ்சு. பெஞ்சில் கோபுரத்தின் காவலாளி காலை நீட்டிக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

இறங்குவதற்கு முன் அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வட்டமாக நிற்பார்கள். அவரவர் சைக்கிளை அவரவர் சோதிக்கக் கூடாது. இடப்பக்கம் நிற்பவருடைய சைக்கிளைத்தான் சோதிக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் டயரில் சாக்பீஸால் ஒரு டிக். நாலு சைக்கிளிலும் டிக் விழுந்தால் கல் பாதை. ஒன்றில் விழாவிட்டாலும் எல்லாருக்கும் தார் ரோடு.

"நம்ம சைக்கிளை நாமே பார்த்தா என்னக்கா?" என்று திருகாணி ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"தன் வாய் நாத்தம் தனக்குத் தெரியாது" என்றார் டாக்டர் அக்கா. "தினமும் பார்க்கறேனே."

திருகாணியின் சைக்கிளைப் பேக்கரி மாமா பார்த்தார். டயரை அமுக்கினார், ஹேண்டிலை ஆட்டினார், டிக் போட்டார். மாமாவின் சைக்கிளுக்கு டாக்டர் அக்கா டிக் போட்டார். அக்காவின் சைக்கிளுக்குச் சித்தப்பா ஏழு அறிவுரைகளும் ஒரு டிக்கும் போட்டார்.

சித்தப்பாவின் சைக்கிள் திருகாணியின் பங்கு. அது விளம்பரப் படத்தில் இருந்து இறங்கி வந்ததுபோல் பளபளத்தது. டயர் சரி. ஹேண்டில் சரி. சீட் சரி. முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளினாள். சக்கரம் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. விளக்கெண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு உருண்டது. பின் பிரேக்கைப் பிடித்தாள். அதுவும் அப்படியே.

அவள் குனிந்து பார்த்தாள். அந்த சைக்கிளில் சக்கரத்தின் நடுவே வட்டமான இரும்புத் தகடு ஒன்று இருக்கும். அதுதான் டிஸ்க். பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சின்ன பிரேக் கட்டைகள் அதை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். சித்தப்பாவின் டிஸ்க் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி மின்னியது. விரலால் தொட்டு முகர்ந்தாள். செயினுக்கு அடிக்கிற எண்ணெயின் வாசனை.

திருகாணி நிமிர்ந்தாள். இரண்டு பாறைகளுக்கு நடுவே கல் பாதையின் வாசல் தெரிந்தது. கையில் சாக்பீஸ் இருந்தது. ஒரு டிக் போட எவ்வளவு நேரம் ஆகும்?

"என்னம்மா, போட்டாச்சா?" என்று வந்தார் சித்தப்பா.

"பிரேக் நிக்கல சித்தப்பா."

"புது பிரேக்கு. அப்படித்தான் இருக்கும். பழகணும்."

"எங்க பழகும்?"

"இறங்கறப்போ."

"அது பழகறதுக்குள்ள நீங்க கீழ போயிட்டா?"

சித்தப்பா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரு கண்ணு. நீ டிக் போடலைன்னா எல்லாரும் தார் ரோடு. அப்புறம் நாலு மாசம். எனக்காகச் சொல்லல, உனக்காகத்தான் சொல்றேன்."

அது உண்மை. அதுதான் வலித்தது. ஆனாலும் சாக்பீஸ் டயர் பக்கம் போகவில்லை.

"என் கையுறையை வச்சுக்கறியா?"

"எனக்குப் பெருசு."

"கரடி விசிலு?"

"கரடி வந்தா உங்களுக்கு வேணுமே."

"சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். முழு டிக் போடாத. பாதி டிக் போடு."

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சித்தப்பா பேரம் பேசினார். அதுவும் இவளிடம்.

"பாதி பிரேக்கோட இறங்குவீங்களா?" என்றாள் திருகாணி.

சித்தப்பாவின் கேட்லாக்கில் அந்தச் சாமான் இல்லை.

உரக்கச் சொல்லிவிடலாமா என்று அவள் யோசித்தாள். சொன்னால் பேக்கரி மாமா பிடித்துக்கொள்வார். ஒருமுறை சித்தப்பா ஹெல்மெட்டைப் பின்பக்கம் முன்னால் வர மாட்டியிருந்தார். அதை மாமா இரண்டு வருடமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

திருகாணி சிமெண்ட் தளத்தின் நடுவில் போய் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறைய தளம், அதற்கப்பால் புல். சரிவு எதிர்ப்பக்கம் இருந்தது. அதையும் பார்த்துக்கொண்டுதான் போட்டாள்.

"எல்லாருக்கும் ஒரு போட்டி" என்றாள். "அங்கேருந்து மெதுவா ஓட்டிட்டு வரணும். முன் சக்கரம் கோட்டைத் தொட்டதும் பிரேக் புடிக்கணும். யாரு சீக்கிரம் நிக்கறாங்கன்னு பார்ப்போம்."

"பந்தயம்னா நான் முதல்ல" என்றார் பேக்கரி மாமா. கோட்டைத் தாண்டி ஒரு முழத்தில் நின்றார். "வயிறு தள்ளிடுச்சு, இல்லைன்னா முன்னாடியே நின்னிருப்பேன்."

டாக்டர் அக்கா முக்கால் முழத்தில் நின்றார். திருகாணி ஒரு சாணில் நின்றாள்.

சித்தப்பா வந்தார். கோட்டைத் தாண்டினார். தளத்தில் கிடந்த மாமாவின் பையைத் தாண்டினார். பெஞ்சை நெருங்கினார். காவலாளி செய்தித்தாளில் இருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டார். சித்தப்பா அதையும் தாண்டிப் போய்ப் புல்லில் நின்றார்.

சித்தப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். அவர் முகத்தில் இருந்த சிவப்பு ஏறிவந்த களைப்பினால் வந்தது இல்லை. இந்த பிரேக்கோடு பதினான்கு வளைவுகள் என்று அவரும் கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

பேக்கரி மாமா வாயைத் திறந்தார். திருகாணி முந்திக்கொண்டாள்.

"டிஸ்க்ல எண்ணெய் பட்டிருக்கு மாமா. எடுத்துட்டா நிக்கும்னு நினைக்கறேன்."

"எண்ணெயா? எப்படிப் பட்டுச்சு?"

"எண்ணெய்னா எங்கயாவது படத்தான் செய்யும்."

சித்தப்பா அவளைப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"படல. நான்தான் அடிச்சேன்" என்றார். "நேத்து செயினுக்கு அடிச்சேன். டப்பாவுல மிச்சம் இருந்துச்சு. டிஸ்க்கு மங்கலாத் தெரிஞ்சுது. போட்டோவுல நல்லா விழட்டுமேன்னு அதுக்கும் அடிச்சுட்டேன். மணிக்குக்கூட அடிச்சேன்."

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா தாடையைத் தடவிக்கொண்டார்.

"என் முதல் டிஸ்க் பிரேக்கை நான் வெண்ணெய்க் கையோட தொட்டேன்" என்றார் மெதுவாக. "வீடு வரைக்கும் செருப்பைத் தேச்சுத் தேச்சுத்தான் நிறுத்தினேன். அந்தச் செருப்பு இன்னும் இருக்கு. அடி மட்டும்தான் இல்ல."

முதலில் சிரித்தவர் சித்தப்பாதான்.

பிறகு அவர் தன் பையைக் கவிழ்த்தார். உயரம் காட்டும் கருவி, மடக்கு நாற்காலி, இரண்டு விசில், மூன்று விளக்கு என்று இருபத்தேழும் தளத்தில் பரவின. எண்ணெய் அடிக்க இரண்டு டப்பா இருந்தது. எண்ணெயை எடுக்க ஒன்றுமே இல்லை.

திருகாணி பழைய துணியால் துடைத்துப் பார்த்தாள். எண்ணெய் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் போனதே தவிர, டிஸ்க்கை விட்டுப் போகவில்லை. எண்ணெயை எது எடுக்கும்? தண்ணீர் எடுக்காது. தொட்டால் சில்லென்று இருக்கிற, உடனே காய்ந்து காணாமல் போகிற ஏதோ ஒன்று...

"அக்கா, ஊசி போடறதுக்கு முன்னாடி கையில தடவுவாங்களே, ஸ்பிரிட் பஞ்சு. உங்க முதலுதவிப் பையில இருக்கா?"

டாக்டர் அக்கா பையைத் திறந்தார். "இருபது பாக்கெட் இருக்கு."

சக்கரங்களைக் கழற்றினார்கள். டாக்டர் அக்கா டிஸ்க்கைத் துடைத்தார். பல் பார்க்கிற கைக்கு ஒரு மூலைமுடுக்கு தப்பவில்லை. முதல் பஞ்சு கறுப்பாக வந்தது. ஐந்தாவது சாம்பல் நிறமாக வந்தது. அதற்குள் திருகாணி பிரேக் கட்டைகளைக் கழற்றி, அவற்றின் வழவழப்பு போகும்வரை பிஸ்கட் டப்பாவில் இருந்த உப்புத்தாளில் தேய்த்தாள். சித்தப்பா திருகாணிகளைக் கையில் ஏந்திக்கொண்டு, அறிவுரை ஒன்றும் சொல்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அது அவருக்குக் கஷ்டமான வேலை.

இருபதாவது பஞ்சு வெள்ளையாகவே வந்தது.

எல்லாவற்றையும் மாட்டியதும் சித்தப்பா தளத்தில் மெதுவாகச் சுற்றிச் சுற்றி வந்து பிரேக் பிடித்தார். முதலில் மாமாவின் பை வரைக்கும் போனார். பிறகு பைக்குக் கொஞ்சம் முன்னால். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு டிஸ்க் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியது. சைக்கிள் கோட்டைத் தாண்டி ஒரு சாணில் நின்றது.

"நின்னுடுச்சு, டிக் போடு" என்றார் சித்தப்பா.

"ஒரு தடவை நின்னா அதிர்ஷ்டம். மூணு தடவை நின்னாத்தான் பிரேக்."

இரண்டாவது தடவையும் நின்றது. மூன்றாவது தடவை சித்தப்பா கொஞ்சம் வேகமாகவே வந்தார். காவலாளி செய்தித்தாளுக்கு மேலே ஒரு கண்ணால் பார்த்தார். இந்த முறை அவர் காலைத் தூக்கவில்லை.

திருகாணி சித்தப்பாவின் டயரில் பெரியதாக ஒரு டிக் போட்டாள். முழு டிக்.

"வீட்டுக்குப் போனதும் புது பிரேக் கட்டை வாங்கி மாட்டணும்" என்றாள். "இது இன்னிக்கு மட்டும்தான்."

"சரிங்க" என்றார் சித்தப்பா.

"அவர் முன்னாடி போகட்டும்" என்றார் பேக்கரி மாமா. "பின்னாடி விட்டா நம்ம முதுகுதான் அவருக்கு பிரேக்கு."

சித்தப்பா முன்னால் போனார். மூன்று சைக்கிள் தூரம் விட்டுத் திருகாணி போனாள். பாறை வாசலைத் தாண்டியதும் பாதை சரிந்தது. அவள் சீட்டில் இருந்து எழுந்து, முழங்காலை மடக்கி, இரண்டு விரல்களைப் பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டாள். வேர்கள் படபடவென்று டயருக்கு அடியில் ஓடின. கல் ஏறியது, கல் இறங்கியது, வயிறு மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் சித்தப்பாவின் பிரேக் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திருகாணிக்கு நிம்மதியாக இருந்தது.

பதினான்காவது வளைவில் காடு முடிந்தது. வண்டி நின்ற இடத்தில் நாலு பேரும் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் புல்லில் விழுந்தார்கள். மாமா பன் எடுத்துக் கொடுத்தார். கறுப்பான கையோடு யாரும் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் அக்கா சொல்வதற்குள் எல்லாரும் பாதி தின்றிருந்தார்கள்.

"பெரியவங்க பேச்சைக் கேட்டியா?" என்றாள் அம்மா வீட்டில்.

"கேட்டேம்மா. கொஞ்சம் பேரம் பேசினேன்."

சாயங்காலம் குழுவில் சித்தப்பாவின் அறிவுரை வந்தது. "முக்கியம். டிஸ்க்கில் எண்ணெய் படவே கூடாது. அனுபவஸ்தன் சொல்கிறேன்."

"எத்தனை வருஷ அனுபவம்?" என்று கேட்டார் பேக்கரி மாமா.

"காலையில இருந்து" என்று பதில் வந்தது.

திருகாணி அம்மாவின் போனை வாங்கி, சித்தப்பாவின் அறிவுரைக்குக் கீழே ஒரு டிக் போட்டாள்.